ஒரு மணிக்கு வராத நோயாளி

என் கணவர் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கத் தொடங்கி அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. உப்புத் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வாருங்கள் என்றால், "ஏன் உப்பு வேணும்?" என்பார். சமைக்க என்றால், "ஏன் சமைக்கணும்?" என்பார். பசிக்கும் என்றால் முகம் மலர்ந்து, "ஆக, உன் பிரச்சினை உப்பு இல்ல, பசி" என்பார். ஏழாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மா, அப்பாவுக்கு இது எப்ப சரியாகும்?" என்று என்னைக் கேட்டாள். நான் பல் மருத்துவர். எனக்கு வாய் வரைக்கும்தான் தெரியும், மண்டைக்கு நான் பொறுப்பில்லை என்றேன்.

அதற்கு முன் பதினாலு வருடம் அவர் மென்பொருள் எஞ்சினியர். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் கம்பெனி பல் மருத்துவமனைகளுக்கு ஒரு மென்பொருள் செய்து விற்கிறது. எந்த நோயாளி, எத்தனை மணிக்கு, எந்த டாக்டரிடம் என்று முன்பதிவு செய்வதற்கானது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலும் அதுதான். அதைப் பொருத்த வந்தவர்தான் இவர். பொருத்தி முடித்த பிறகும், எதுவும் பழுதாகாமலே, மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். எல்லாம் அதிலிருந்து ஆரம்பித்ததுதான்.

அந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. டாக்டரின் நாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அதற்குப் பொறுக்காது. கட்டம் சிவப்பாகும். காத்திருப்பவர்களில் யாரையாவது இழுத்துவந்து தானே நிரப்பிவிடும். இதை எழுதியவர் சாட்சாத் என் கணவர். எழுதியதற்குக் கண்ணாடியில் ஒரு விருதுகூடக் கொடுத்தார்கள், டிவிக்குப் பக்கத்தில் தூசி படிந்து நிற்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர் பெரிய டாக்டர். சாயங்காலம் திரையைப் பார்த்து, எங்காவது சிவப்பு தெரிந்தால், "என்னம்மா, இன்னைக்கு ஓய்வா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அவர் சிரிக்காமல் திட்டினால்கூடத் தேவலை என்று தோன்றும்.

காலையில் இருந்து குனிந்த கழுத்து நிமிராமல் அடுத்தவர் வாய்க்குள் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும், மதியம் விரல்கள் என்ன பாடு படும் என்று. கல்யாணமான வருடமே அவரிடம் கேட்டேன், ஒரு மணிக்கு அரை மணி நேரம் எனக்கென்று காலியாக வைக்க வழி உண்டா என்று.

"அதை நான் முடிவு பண்ண முடியாதும்மா. எதைச் செய்யணும், எதுக்குச் செய்யணும்னு முடிவு பண்றது புராடக்ட் மேனேஜர். நான் எஞ்சினியர். நீ டிக்கெட் போடு."

அவர்கள் ஆபீஸில் எந்தக் குறையானாலும் எழுதிப் பதிவு செய்ய வேண்டும், அதற்குப் பெயர் டிக்கெட். பக்கத்துத் தலையணையில் படுத்திருக்கும் மனிதரிடம் கேட்க நான் டிக்கெட் போட்டேன். இன்று வரை பதில் இல்லை.

ஆனால் அப்போது புது மாப்பிள்ளை அல்லவா, ஒன்று சொன்னார். ஆபீஸ் ரெண்டு தெரு தள்ளித்தான், தினமும் ஒரு மணிக்கு நானே வருகிறேன், சேர்ந்து சாப்பிடலாம் என்றார். சரி என்று அவரையே நோயாளியாகப் பதிவு செய்து, தினமும் ஒரு மணிக்கு அவர் பெயரைப் போட்டு வைத்தேன். முதல் வாரம் வந்தார். அப்புறம் ஒரு அவசர வேலை, அப்புறம் இன்னொரு அவசர வேலை. அவர் வருவது நின்றது, பதிவு நிற்கவில்லை. தினமும் ஒரு மணிக்கு அவர் பெயர் திரையில் வரும். ஒன்றரைக்கு, வரவேற்பில் இருக்கும் பெண் "வரவில்லை" என்ற பொத்தானை அழுத்துவாள். நடுவில் நான் கதவைச் சாத்தி, செருப்பைக் கழற்றி, காலை எதிர் ஸ்டூலில் நீட்டி, சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடி இருப்பேன். கூப்பிடுவார் கிடையாது. நாள் முழுக்க எனக்கென்று இருக்கிற ஒன்றே ஒன்று அதுதான்.

தினமும் அவர் ஃபோனுக்கு நினைவூட்டும் செய்தி போகாதா என்று கேட்கலாம். போகும். ஆனால் எஞ்சினியர்கள் எதைச் சோதித்தாலும் தங்கள் சொந்த நம்பரைத்தான் போட்டுச் சோதிப்பார்கள். இவர் ஃபோனுக்கு நாளெல்லாம் அந்த மாதிரிச் செய்திகள் கொட்டும். எரிச்சல் தாங்காமல் என்றைக்கோ அத்தனைக்கும் வாய்ப்பூட்டு போட்டுவிட்டார். கட்டின மனைவி தினமும் கூப்பிடுகிறாள் என்பது அந்தக் குப்பையோடு குப்பையாகப் போனது.

போன வருடம் அவருக்கு ஒரு புராடக்ட் மேனேஜர் வந்து வாய்த்தான். எதையாவது செய்யச் சொல்வான், பாதியில் நிறுத்துவான், வேறொன்று சொல்வான். "இதையெல்லாம் யார் கேட்டா? இவன் யார்கிட்டயாவது போய்ப் பேசினானா?" என்று இவர் வீட்டில் பொரிந்து தள்ளினார். அவன் வேறு கம்பெனிக்குப் போனதும், அந்த வேலையை நானே பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஆறு மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம் என்றார்கள். சரிப்படாவிட்டால் பழைய நாற்காலிக்குத் திரும்ப முடியாது. அதில் மறுநாளே ஒரு புதுப் பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே கற்றுக்கொண்டு வந்தது ரெண்டு பாடம். ஒன்று, எதற்கும் ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டும். இன்னொன்று, பயன்படுத்துகிறவர்களைத் தேடிப் போய்ப் பேச வேண்டும், ஆனால் சொந்தபந்தங்களிடம் மட்டும் கேட்கவே கூடாது.

"ஏனாம்?" என்றேன். அந்த வார்த்தையை நானும் ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டாமா?

"வீட்டு ஆளுங்க நம்ம மனசு நோகக் கூடாதுன்னு நல்லதாவே சொல்லுவாங்க. அதுக்குப் பேர் பயாஸ், பாரபட்சம்."

"உங்க மனசு நோகக் கூடாதேன்னு நான் என்னைக்காவது பேசியிருக்கேனா?"

நிஜமாகவே யோசித்தார். "இல்ல," என்றார். "ஆனாலும் விதி விதிதான்."

அந்த மென்பொருளோடு தினமும் மல்லுக்கட்டுகிற ஒருத்தி எதிரில் உட்கார்ந்து இவருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இவர் பஸ் பிடித்து, ஊர் தாண்டி, முன்பின் தெரியாத டாக்டர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வருவார். அவர்கள் ரெண்டு நிமிடம் பேசி, நல்லாத்தான் இருக்கு சார் என்று அனுப்பிவிடுவார்கள். சமையலறை அலமாரிக் கதவெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக ஒட்டுத்தாள். சர்க்கரை எடுக்கக் கதவைத் திறந்தால் "பயனரின் வலி" என்று ஒன்று பறந்து வந்து பாலில் விழும்.

கோபத்துக்கு நடுவில் பாவமாகவும் இருக்கும். பதினாலு வருடம் கூட டீ குடித்த கூட்டாளிகள், இவர் வந்து நின்றால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்களாம். இன்னதைச் செய்யுங்கள் என்று எழுத உட்கார்ந்தால், பழக்க தோஷத்தில் எப்படிச் செய்வது என்பதையும் வரிக்கு வரி எழுதிவிடுவார். அவர்கள் "அப்ப நீங்களே செஞ்சிடுங்களேன்" என்று திருப்பி அனுப்புவார்கள். இவர் அசடு வழிய நிற்பார். "முன்னெல்லாம் சாயங்காலம் ஆனா இன்னைக்கு இதைச் செஞ்சேன்னு ஒண்ணு இருக்கும்," என்றார் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே. "இப்ப மீட்டிங்தான் இருக்கு. நான் என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியல." மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தார்.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார். எல்லா ஆஸ்பத்திரிகளின் கணக்கையும் அலசியதில் ஒன்று பிடிபட்டதாம். பதிவு செய்துவிட்டு வராமல் இருக்கிறவர்கள் ஏராளமாம்.

"அதுலயும் ஒரு ஆள் இருக்கான் பாரு! பேர் தெரியாது, எங்களுக்கு நம்பர் மட்டும்தான் காட்டும். ஆயிரக்கணக்குல புக் பண்ணியிருக்கான். தினமும்! தினமும் ஒரு மணிக்கு! ஒரே ஒரு வாரம் வந்தான், அதுக்கப்புறம் எட்டியே பார்க்கல. இப்படி ஒரு பொறுப்பில்லாத ஜென்மத்தை நான் பார்த்ததே இல்ல!"

கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "நான் பார்த்திருக்கேன்," என்றேன்.

"உங்க ஆஸ்பத்திரியிலயும் இந்த மாதிரி ஆளுங்க இருப்பாங்களா?" என்று கேட்டவர், நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தார். "வேண்டாம், வேண்டாம். சொல்லாத. பயாஸ்."

கரண்டியைப் பாத்திரத்தில் போட்டேன், சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். மகள் அறையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த நிமிடம் முடிவு செய்தேன். இந்த மனிதர் தானாகக் கேட்கிற வரைக்கும் என் வாயில் இருந்து ஒரு வார்த்தை வராது.

அவருடைய திட்டம் எளிது. தொடர்ந்து வராமல் இருக்கும் நோயாளிகளை மென்பொருளே தடை செய்துவிடும். அவர்களுடைய நேரத்தைக் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடும். முதலில் சில ஆஸ்பத்திரிகளில் ஓடவிட்டுப் பார்ப்பார்களாம். எந்தெந்த ஆஸ்பத்திரி என்று என்னிடம் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை ஒரு மணிக்குக் கதவைச் சாத்தப் போனபோது தெரிந்துகொண்டேன். வாசலில் ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வரவேற்பில் இருக்கும் பெண்ணை நாங்கள் ரேடியோ என்போம். காலையில் ஆன் ஆனால் பூட்டும் வரை ஓயாது. அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். "அக்கா, நான் ஒண்ணும் பண்ணல! சாரைத் தடை பண்ணிட்டேன்னு காட்டுது. மறுபடி போட்டுப் பார்த்தேன், போட விடமாட்டேங்குது. வேற பேர்ல போடலாம்னா, பெரிய டாக்டர் பக்கத்துலயே நிக்கறார்." பெரிய டாக்டர் அந்த வாரம் முழுக்கத் திரையை விட்டு நகரவில்லை. சிவப்பே இல்லாத நாள்களை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. காலை ஒன்பதில் இருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. ரெண்டு நோயாளிகளுக்கு நடுவில் நின்றபடியே எதையோ விழுங்கினேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஒரு ஆசிரியைக்குப் பல் இடுக்கைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். விரல் மரத்திருந்தது எனக்கே தெரியவில்லை. கருவி நழுவி உதட்டோரம் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான், ஒரு சொட்டு ரத்தம். "பரவாயில்ல டாக்டர்" என்றார் அந்த அம்மா. எனக்குத்தான் பரவாயில்லை என்று விட முடியவில்லை. பயந்துபோனேன். நான் வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து என் கை நழுவியதில்லை.

வீட்டுக்கு வந்து, இன்று சொல்லிவிடுவது, ரோஷமாவது மண்ணாவது என்று அவர் எதிரில் உட்கார்ந்தேன். "ஏங்க, ஒரு விஷயம் பேசணும்."

"நானும் பேசணும்!" என்றார். கண் ரெண்டும் பளபளவென்று இருந்தது. "திங்கட்கிழமை மேலிடத்து மீட்டிங். என்னை நிரந்தரமாக்கறதா வேண்டாமான்னு அன்னைக்குத்தான் சொல்லுவாங்க. அந்த ஒரு மணி ஆள் இருக்கான்ல? விசாரிச்சேன். உங்க ஆஸ்பத்திரியாம்!"

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அது யாருன்னா..."

"நிறுத்து!" ரெண்டு கையையும் தூக்கிவிட்டார். "தயவுசெஞ்சு சொல்லாத. அந்த ஆள் வாயாலயே கேட்கணும். உங்க ரேடியோவை மீட்டிங்ல கம்ப்யூட்டர் வழியா சேர்த்துக்கறேன். எல்லாரும் கேட்கறப்பவே அந்த ஆளுக்கு ஆஸ்பத்திரி ஃபோன்ல இருந்து அவ கூப்பிடட்டும். சம்மதிச்சா நான் பேசறேன். ஏன் வரலன்னு கேட்கறேன். பெரிய டாக்டர்கிட்ட அனுமதி வாங்கியாச்சு. நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

என்னத்தைச் சொல்ல! தலையில் அடித்துக்கொள்ளக்கூடக் கையில் தெம்பில்லை. "சரி," என்றேன். "நான் பேசல."

திங்கட்கிழமை ஒரு மணி நோயாளியைப் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு வரவேற்புக்குப் போய் நின்றேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு நீள மேசை. அதைச் சுற்றி ஆறேழு பேர், தலைப்பக்கம் வெள்ளைத் தலைமுடியோடு ஒரு அம்மா, அவர்தான் மேலதிகாரி. ஓரத்தில் இஸ்திரி கலையாத சட்டையில் என் கணவர். நான் காலையில் தேய்த்துக் கொடுத்த சட்டை.

"வாடிக்கையாளரைப் புரிஞ்சுக்க அவங்ககிட்டயே பேசணும்," என்று ஆரம்பித்தார். "இப்ப நம்மகிட்ட இருக்கிறதுலயே மோசமான நோயாளிகிட்ட பேசப் போறோம்."

ரேடியோ ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வாழ்நாளில் முதல் முறையாக அவள் குரல் தாழ்ந்திருந்தது. "அக்கா, போடவா? சாருக்கு வேலை போயிடாதே?"

எனக்கும் அதே பயம்தான். அவருக்குத் திரும்பிப் போக நாற்காலி இல்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நோயாளி எடுக்கவில்லை என்று ரேடியோ சமாளித்துவிடுவாள். அவர் நிரந்தரமாவார், என் அரை மணி நேரம் நிரந்தரமாகப் போகும். உதட்டைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்ட ஆசிரியை நினைவுக்கு வந்தார்.

"போடு," என்றேன்.

திரையில், மேசை மேல் இருந்த அவருடைய ஃபோன் அடித்தது. எங்கள் ஆஸ்பத்திரி நம்பரை அவர் என் பெயரில்தான் வைத்திருக்கிறார். எடுத்துப் பார்த்து, "மன்னிக்கணும், வீட்ல இருந்து," என்று வெட்டினார்.

"கட் பண்றாங்க சார்," என்றாள் ரேடியோ.

"பார்த்தீங்களா?" என்றார் மேசையைப் பார்த்து. "இவங்க இப்படித்தான். திரும்பப் போடுங்கம்மா."

திரும்ப அடித்தது. திரும்ப வெட்டினார். மேலதிகாரி அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரையும் அந்த ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது முறை பொறுமை இழந்து எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்!"

எங்கள் ஃபோன் ஒலிபெருக்கியில் இருந்தது. அவர் குரல் அதில் வந்து, கம்ப்யூட்டர் வழியாகப் போய், அந்த மீட்டிங் அறை முழுக்க ஒலித்தது. மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன். அவர் சொன்னது அவர் காதிலேயே வந்து விழுந்தது.

கையில் இருந்த ஃபோனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அப்போதுதான் ரேடியோவுக்குப் பின்னால் நான் நிற்பது கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"யார் அந்த நோயாளி?" என்று கேட்டார் மேலதிகாரி அம்மா, தெரிந்துகொண்டே.

"நான்தான்," என்றார். யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அவர் அவர்களைக் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏம்மா?" என்றார். ஆறு மாதமாகக் கேட்ட ஏன்களில் பதில் தெரியாமல் கேட்டது அது ஒன்றுதான்.

பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்தான். கேட்டால் பேசலாம் அல்லவா? குனிந்து சொன்னேன்: "உட்காரணுங்க. அரை மணி நேரம் உட்காரணும். அதுக்கு உங்க மென்பொருள்ல இடம் இல்ல. முதல் வருஷமே கேட்டேன், டிக்கெட் போடச் சொன்னீங்க. போட்டேன். போன வாரம் அதையும் பிடுங்கிட்டீங்க. வியாழக்கிழமை ஒரு அம்மாவோட உதட்டைக் கீறிட்டேன். உங்ககிட்ட ரெண்டு தடவை சொல்ல வந்தேன், கையைக் காட்டித் தடுத்தீங்க." பக்கத்தில் பெரிய டாக்டர் நின்றதை அப்புறம்தான் பார்த்தேன். அவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அந்தத் தடையை அன்றே எடுத்துவிட்டார்கள். என் கணவர் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், இந்த முறை டாக்டர்களை விட்டுவிட்டு வரவேற்பில் இருப்பவர்களிடம் உட்கார்ந்து பேசினார். வராத நோயாளிகளில் பாதிப் பேர் இப்படி டாக்டர்கள் ஓய்வுக்காகப் போட்டுவைத்த பெயர்கள்தானாம். ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டரின் இறந்துபோன மாமா வாரம் ரெண்டு முறை வேர் சிகிச்சைக்குப் பதிவாகிறார். இன்னொன்றில் ஒரு பூனை. அவரை நிரந்தரமாக்கவில்லை, வீட்டுக்கும் அனுப்பவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்றிருக்கிறார்கள். மேலதிகாரி அம்மா மட்டும் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பயிற்சிக்கு அனுப்பியதற்கு வருத்தம் தெரிவித்தாராம்.

டாக்டர்கள் தங்களுக்கென்று நேரம் ஒதுக்கிக்கொள்ள ஒரு பொத்தான் வருமா என்று கேட்டேன். "டிக்கெட் போட்டிருக்கேன்," என்றார் பெருமையாக. எஞ்சினியர்கள் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்களாம்.

ஆக, ஒரு மணிக்கு அவர் பெயர்தான் மறுபடியும். பெரிய டாக்டரும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார். போன புதன்கிழமை கதவைச் சாத்தி, செருப்பைக் கழற்றினேன், கதவு தட்டப்பட்டது. சாப்பாட்டுப் பையோடு நின்றார். எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருடம் வராமல் இருந்துவிட்டு, இது என் அரை மணி நேரம் என்று ஊருக்கே தெரிந்த பிறகா வந்து நிற்பது? உள்ளே வந்து நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, "ஒண்ணு கேட்கட்டுமா? உனக்கு ஏன்..." என்று ஆரம்பித்தார்.

"வாயைத் திறங்க," என்றேன். திறந்தார். எச்சில் உறிஞ்சும் குழாயை உள்ளே மாட்டினேன், கன்னத்துக்கு ஒன்றாகப் பஞ்சு வைத்தேன். கடைவாயில் ரெண்டு சொத்தை இருந்தது, அது அப்புறம். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, காலை அவர் நாற்காலியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு, பேச ஆரம்பித்தேன். மரத்துப்போகும் விரலைப் பற்றி, பெரிய டாக்டரின் சிரிப்பைப் பற்றி, முதல் வாரம் நாங்கள் இந்த அறையில் சேர்ந்து சாப்பிட்டதைப் பற்றி, எட்டாவது நாள் அவர் தட்டையும் எடுத்து வைத்துவிட்டு நான் காத்திருந்ததைப் பற்றி. ஒரு ஏன் இல்லை, ஒரு ம் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

ஒன்றரைக்கு உள் ஃபோன் அடித்தது. ரேடியோ. "அக்கா, சார் பேருக்கு எதை அழுத்தட்டும்? எனக்குக் கை தானா அந்தப் பழைய பொத்தானுக்கே போகுது."

அவரைப் பார்த்தேன். குழாய் கொர் என்று இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. பஞ்சு அழுத்தியதாலும் இருக்கலாம்.

"வந்தார்னு போடு," என்றேன்.